உப்பு ஏரிக்கு ஒரு நடை

அன்பு நேயர்களே, வணக்கம்.

டர்பனிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் பிரிட்டோரியாவில் நாம் என்ன செய்கிறோம்? மாராபாஸ்டாட் மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போகிறோம், யூனியன் பில்டிங்ஸ் முன்னால் படம் எடுக்கிறோம், சாயங்காலம் கரியடுப்பில் இறைச்சி சுட்டு பிராய் போடுகிறோம். அதோடு சரி. நகரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், சோஷாங்குவேயைத் தாண்டி இருக்கும் ட்ஸ்வாயிங் பள்ளத்துக்கு யாரும் வண்டியைத் திருப்புவதில்லை.

அங்கே சுமார் 7 கிலோமீட்டருக்கு ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. முதலில் வேல மரக் காடு. அடர்ந்த காடு என்று நினைத்துப் போகாதீர்கள். முள்ளும் புல்லும்தான், நிழல் சொற்பம். ஏற்றமும் லேசானதுதான். ஆனால் மேடு முடியும் இடத்தில் தரை சட்டென்று கீழே போய்விடும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலத்தில் வட்டப் பள்ளம், அடியில் ஏரி.

இது எரிமலை வாய் என்றுதான் வெகுகாலம் பலரும் நம்பினார்கள். விண்கல் விழுந்த குழி என்று சொன்னவர்களும் உண்டு. கையில் ஆதாரம்தான் இல்லை. 1980களின் கடைசியில் பள்ளத்தின் நடுவே துளை போட்டார்கள். சுமார் 90 மீட்டர் ஏரி வண்டல், அதற்கும் அடியில் நொறுங்கிய கிரானைட். அந்தக் கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிக மணிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உள்ளே நெருக்கமான இணைகோடுகள். எரிமலை வெடிப்பில் இப்படிக் கோடு விழாது, அசுர வேகத்தில் ஏதாவது மோதினால்தான் விழும். வாதம் முடிந்தது. கல் விழுந்து ஏறத்தாழ 2,20,000 ஆண்டுகள். அது பிளந்த பாறைக்கு வயது சுமார் 200 கோடி!

எனக்கென்னவோ, மோதலைவிட அந்த வண்டல்தான் பெரிய அதிசயம். மழைக் காலங்களும் வறண்ட காலங்களும் அதில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சுமார் 23,000 ஆண்டுக்கொரு முறை இங்கே மழை கூடிக் குறைந்திருக்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போலத் தலையாட்டுவதால் கோடை வெயில் ஏறி இறங்குவதும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற வழியே கிடையாது. மழைநீரும் ஊற்றுநீரும் உள்ளே வரும். வெயில் தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு உப்பையும் சோடாவையும் (சலவைச் சோடா மாதிரியான கார உப்பு) விட்டுவிடும். சோத்தோ, ட்ஸ்வானா மக்கள் பல நூற்றாண்டுகள் இங்கே உப்பு எடுத்தார்கள். அப்புறம் 1912 முதல் 1956 வரை ஆலை வைத்து சோடா எடுத்தார்கள். கரையில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும் இடம் கெட்டித் தரை மாதிரி தெரியும். மிதித்தால் கறுப்புச் சேறு.

காலையிலேயே கிளம்புங்கள். முள் ஏறாத தடித்த அடியுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள், பாதியைத் திரும்பி ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு, நாலைந்து பேராகப் போவது நல்லது. வணக்கம்.