பந்திக்கு முந்திய ரயில்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, காசு வாங்காமல் மைக் செட் கட்டிக்கொடுத்த அண்ணாச்சி அவர்களே, பொன்னாடை போர்த்திய முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஒரு துண்டு கொடுத்திருந்தால் தினமும் உதவும், போகட்டும். பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற கூட்ஸ் ஷெட் தோழர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்களுக்காகத்தான் வந்தேன்.

அந்தக் காலத்தில் ரயிலேறி ஐரோப்பாவைச் சுற்றிய அமெரிக்க சர்க்கஸைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று ரயில், இரண்டு மிருகங்கள், மூன்று கம்பெனியின் வரவு செலவு.

பார்னம் அண்ட் பெய்லி என்று ஒரு சர்க்கஸ். பார்னம் 1891லேயே காலமாகிவிட்டார். கூட்டாளி ஜேம்ஸ் பெய்லி 1897 கடைசியில் மொத்தக் கம்பெனியையும் கப்பலேற்றி லண்டன் ஒலிம்பியா அரங்கில் கொண்டுபோய் இறக்கினார். 1902 வரை பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, பிரான்ஸ் என்று சுற்றினார்கள். இங்கிலாந்தில் தண்டவாள அகலம் அமெரிக்காவில் உள்ளதுதான். ஆனால் பாலமும் சுரங்கமும் தாழ்வு, அமெரிக்கப் பெட்டி நுழையாது. அதனால் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரிலேயே அளவு குறைத்துப் பெட்டி செய்ய வைத்தார். அறுபதுக்கு மேல் பெட்டிகள், நான்கு ரயில்களாக ஓடின.

அந்த நான்கில் எது முதலில் போகும்? சிங்கம் என்பீர்கள், யானை என்பீர்கள். சமையல்கட்டு ஐயா! பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. வலது கை சோற்றுக்கு முன்னே போகும், நாண் இழுக்கப் பின்னே போகும் என்று இதற்கு விளக்கம் சொல்கிற தமிழாசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். இன்றைக்கு மட்டும் என் விளக்கத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

விடியும் முன்பே முதல் ரயில் வந்துவிடும். தட்டையான வேகன்கள் வரிசையாக நிற்கும், ஒரு வேகனுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரும்புத் தகடு போட்டுப் பாலம். கடைசி வேகனிலிருந்து தரைக்குச் சாய்வுப் பலகை. கீழே குதிரை கயிற்றை இழுக்க, மேலே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வரும். வண்டியின் ஏர்க்காலைப் பிடித்துத் திருப்புகிற ஆள் கொஞ்சம் அசந்தால் கால் போய்விடும். சறுக்கி ஓடாமல் இருக்க, கட்டையில் கயிற்றைச் சுற்றிப் பிடிக்க இன்னொரு ஆள். 31 வருடம் கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதியவன் நான். அந்தக் கயிற்றுக்காரன் உள்ளங்கை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுக் கூடாரத்தில் கொடி ஏறினால் பந்தி தயார். கொடியைப் பார்த்துவிட்டால் ஒருத்தனும் வேலையில் நிற்க மாட்டான்.

ஒரு கதை சொல்கிறேன். இதற்குச் சில வருடம் முந்தி, 1890, 91 வாக்கில், குதிரைச் சவாரியும் துப்பாக்கி வித்தையும் காட்டுகிற பஃபலோ பில் என்ற அமெரிக்கர் தன் கூட்டத்தோடு ஜெர்மனியில் ரயிலில் சுற்றினார். அதை சர்க்கஸ் என்றால் அவருக்குக் கோபம் வரும், இருக்கட்டும். குறிபார்த்துச் சுடுவதில் பேர்போன ஆனி ஓக்லி அம்மையார் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் சொன்னது இது. எங்கே போனாலும் நாற்பது பிரஷ்ய ராணுவ அதிகாரிகளாவது கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்களாம். மிடுக்கான மீசை, பளபளக்கிற பூட்ஸ், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போலவே இல்லை. எத்தனை ஆள், யார் எங்கே நிற்கிறான், குதிரையை எப்படி ஏற்றுகிறான், எவ்வளவு நேரம் ஆகிறது, எல்லாம் எழுதுகிறார்கள். சுடுகிற அம்மாவை விட்டுவிட்டு எங்கே போய் மொய்த்தார்கள் தெரியுமா? அடுப்பங்கரையில்! சமையற்காரரைப் பிடித்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி. பாவம், அந்த மனிதர் குழம்பைக் கிண்டுவாரா, ராணுவத்துக்குப் பதில் சொல்வாரா?

1914இல் உலகப்போர் வந்தது. ஜெர்மன் படையோடு சக்கரம் வைத்த அடுப்புகளும் உருண்டன. புகைபோக்கி பீரங்கிக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததால் சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் ‘குலாஷ் பீரங்கி’. குலாஷ் என்றால் ஹங்கேரிக்காரர்களின் கறிக்குழம்பு மாதிரி. எல்லாம் எங்களிடம் கற்றது என்பார் ஓக்லி. நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் படைக்குப் பிந்த வேண்டியவர்களே பந்திக்கு முந்தினார்கள் பாருங்கள்!

சரி, நம் ஊருக்கு வருவோம். ராத்திரி இரண்டு மணிக்கு ரேக், அதாவது முழு சரக்கு ரயில், வருகிறது. சிமெண்ட் மூட்டை, ஒன்று 50 கிலோ. இறக்குகிறவனுக்கு ஒரு டீ கிடையாது, கடை திறக்க ஐந்து மணி ஆகும். குழாயில் தண்ணீர் வராது, கழிப்பறைக்கு இருட்டில் புதர்தான். மனு கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு கடிதம் வந்தது, அதிலும் என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். யாரையும் பெயர் சொல்லிக் குறைகூற வரவில்லை. ஒரு கொட்டகை, ஒரு அடுப்பு, ஒரு குழாய், இவ்வளவுதான் கேட்கிறோம். பந்திக்கு முந்த வேண்டியவன் பசியோடு மூட்டை தூக்குகிறான்.

தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். மிருகங்கள் விஷயம் பாக்கி. பார்னம் அண்ட் பெய்லி கம்பெனியை 1907இல் ரிங்லிங் சகோதரர்கள் வாங்கினார்கள். அவர்கள் பெயரில் நடந்த சர்க்கஸ் 2016இல் யானைகளுக்கு ஓய்வு கொடுத்தது, 2023இல் மிருகமே இல்லாமல் திரும்பி வந்தது. வரவு செலவை அடுத்த வருடம் கூப்பிட்டால் சொல்கிறேன்.

கொட்டகை கேட்கிற மனுவுக்குக் கையெழுத்துத் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. போன கூட்டத்தில் பேனாவை யாரோ எடுத்துப் போய்விட்டதால் இந்தத் தடவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். டீயும் வடையும் முதலில் பின்வரிசைக்குப் போகட்டும். வணக்கம்.