காற்றில் ஓடும் எஞ்சின் நீராவியில் ஏன் நின்றுவிடுகிறது?

வணக்கம். ஒரு நேயர் எழுதி அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் டபுள் டென் என்னும் இரட்டைச் சிலிண்டர் கப்பல் எஞ்சினின் வார்ப்புகளை வாங்கி, வீட்டிலுள்ள சிறிய லேத்தில் கடைந்து முடித்தேன். கம்ப்ரசர் காற்றில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்திலேயே முன்னும் பின்னும் அழகாக ஓடுகிறது. ஆனால் பாய்லரை 40 பவுண்டுக்கு ஏற்றி நீராவியைத் திறந்தால், இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துப்பிவிட்டு நின்றுவிடுகிறது. எப்படியோ ஓடத் தொடங்கினாலும் அரை நிமிடத்தில் அழுத்தமானியின் முள் இறங்கிவிடுகிறது. சிலிண்டருக்குள் ஆவியை மாற்றி மாற்றி விடும் ஸ்லைடு வால்வை மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன். நான்காவது முறையும் கழற்றவா?"

வேண்டாம். வால்வைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் நீராவி ஏறும் இரண்டு சிலிண்டர்கள் என்பதால், உங்கள் எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை மூச்சு விட வேண்டும். குறைந்த காற்றில் மெதுவாக ஓடவிட்டு, கழிவுக் குழாயின் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். அந்த நான்கு மூச்சும் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் கேட்டால் வால்வை அசைக்கும் எக்சென்ட்ரிக்கின் கோணமும் வால்வு ராடின் நீளமும் சரியாகவே இருக்கின்றன என்று பொருள். வால்வு அமைப்பில் பிழையிருந்தால், 15 பவுண்டில் இரு திசையிலும் எஞ்சின் இவ்வளவு ஒழுங்காக ஓடியிருக்காது. ஆகவே பிழை எஞ்சினின் உறுப்புகளில் இல்லை. காற்றும் நீராவியும் ஒன்றுபோல நடந்துகொள்ளும் என்று நாம் எண்ணிக்கொள்வதில்தான் இருக்கிறது.

காற்று குளிர்ந்தாலும் காற்றாகவே இருக்கும். நீராவி அப்படியன்று. 40 பவுண்டு அழுத்தத்தில் அதன் வெப்பம் ஏறத்தாழ 141 பாகை செல்சியஸ். அது 30 பாகையில் இருக்கும் இரும்புச் சுவரைத் தொட்டவுடன், தன் வெப்பத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிவிடும். ஒரு கிராம் நீரிலிருந்து கிடைத்து, ஏறத்தாழ அரை லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஆவி, ஒரு மில்லிலிட்டர் நீராகச் சுருங்கிவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய பொருள் அங்கே இல்லாமல் போகிறது. பிஸ்டனைத் தடுக்கும் பொருள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தத் தொல்லை உங்களுக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நியூகோமன் எஞ்சின் என்னும் பழைய வகை நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்று, பழுதுபார்ப்பதற்காக ஜேம்ஸ் வாட்டின் கைக்கு வந்தது. அதன் சிலிண்டர் 2 அங்குல விட்டமும் 6 அங்குல ஓட்டமும் கொண்டது. பாய்லர் போதுமான அளவினதாகவே தோன்றியபோதும், சில ஓட்டங்களுக்குப் பிறகு அது நின்றுபோயிற்று. வேறொருவராக இருந்தால், உங்களைப் போலவும் என்னைப் போலவும் வால்வைக் கழற்றியிருப்பார். வாட் அளந்து பார்த்தார். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சிலிண்டரின் கொள்ளளவைப்போலப் பல மடங்கு ஆவி செலவாவதைக் கண்டார். சிறிய சிலிண்டரில் உள்ளடங்கும் ஆவியின் அளவோடு ஒப்பிட்டால் அதைச் சூழ்ந்திருக்கும் சுவரின் பரப்பு மிக அதிகம் என்பதையும், பெரிய எஞ்சின்களின் வார்ப்பிரும்பைவிட அந்த மாதிரியின் பித்தளை வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது என்பதையும் அவர் கவனித்தார். ஆவியைச் சிலிண்டருக்கு வெளியே குளிர்விக்கும் தனிக் கண்டென்சர் என்னும் எண்ணம் 1765-இல் அவருக்குப் பிறந்தது இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான். வெற்றிகரமாக ஓடிய மாதிரிகள் உலகில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஓட மறுத்த அந்த ஒன்றுக்குத்தான் வரலாற்றில் இடம் கிடைத்தது.

பரப்புக்கும் கொள்ளளவுக்கும் உள்ள இந்த விகிதத்தை உங்கள் எஞ்சினுக்கே கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி என்னும் சரக்குக் கப்பல்களில், ஒரே ஆவியை மூன்று கட்டமாக விரியவிட்டுப் பயன்படுத்தும் மும்முறை விரிவு எஞ்சின் இருந்தது. அதன் கடைசிக் கட்டமான தாழ்அழுத்தச் சிலிண்டரின் விட்டம் 70 அங்குலம், ஓட்டம் 48 அங்குலம். சான் பிரான்சிஸ்கோவில் இன்றும் ஓடும் நிலையிலுள்ள ஜெரமையா ஓ'பிரையன் என்னும் கப்பலில் அதை நேரில் காணலாம். உங்கள் சிலிண்டரின் விட்டமும் ஓட்டமும் முக்கால் அங்குலம். ஒவ்வொரு கன அங்குல ஆவிக்கும் எவ்வளவு சுவர் இருக்கிறது என்று பார்த்தால், உங்கள் சிலிண்டரில் அது லிபர்ட்டி சிலிண்டரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 80 மடங்கு. எஞ்சினை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் சுருக்கிச் செய்யலாம். நீராவியின் குணத்தைச் சுருக்க முடியாது. அவ்வளவு பெரிய எஞ்சினையே, துறைமுகத்திலிருந்து புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பிருந்து சிறிது சிறிதாக ஆவி விட்டுச் சூடாக்கித்தான் ஓட்டுவார்கள். நாம் மட்டும் குளிர்ந்த இரும்பில் ஆவியைத் திறந்துவிட்டு உடனே ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இனி உங்கள் தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு 100 கிராம் வார்ப்பிரும்பையும் அறை வெப்பத்திலிருந்து ஆவியின் வெப்பத்துக்கு உயர்த்துவதற்குள், ஏறத்தாழ இரண்டரை கிராம் ஆவி நீராகிவிடும். பிஸ்டன் ஓட்டத்தின் முனைக்கு வரும்போது அதற்கும் மூடிக்கும் நடுவே முக்கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் கொள்ளும் நீர் கால் மில்லிலிட்டருக்கும் குறைவு, அதாவது நான்கைந்து சொட்டு. நீர் அமுங்காது. நான்கைந்து சொட்டு நீர் கொள்ளும் இடத்தில் அதற்கு மேல் ஒரு சொட்டு சேர்ந்தாலும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல நிற்கும். அப்போது ஃபிளைவீலைக் கையால் முரட்டுத்தனமாகத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையலாம், மூடியின் திருகுகள் மரையோடு பெயர்ந்து வரலாம்.

அந்த நீரை வெளியேற்றத்தான் சிலிண்டரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் வடிகுழாய்கள் இருக்கின்றன. எஞ்சினின் வரைபடத்தில் அவை அழகுக்காக வரையப்பட்டவை போலத் தோன்றுவதால், பலர் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்; நீங்களும் விட்டிருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். நான்கு வடிகுழாய்களையும் முழுதாகத் திறந்துவைத்துக்கொண்டு, ஆவி வால்வை மயிரிழை அளவுக்குத் திறந்து, ஃபிளைவீலைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள். முதலில் வெந்நீர் கொட்டும். பிறகு நீரும் வெண்புகையும் கலந்து சீறும். கடைசியில் குழாயின் வாயை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் அதற்கப்பால் மெல்லிய வெண்மையும் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதிதான் உண்மையான ஆவி. அதைக் கண்ட பிறகு வால்வை இன்னும் சற்றுத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, வடிகுழாய்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எஞ்சினைப் பொறுத்து இதற்கு மூன்று நிமிடமும் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். அவசரப்பட்டால் மறுபடியும் தண்ணீர்தான்.

வால்வைத் தொட வேண்டாம் என்று சொன்ன நானே, வால்வைப் பற்றி ஒன்றை மட்டும் சரிபார்க்கச் சொல்கிறேன். ஸ்லைடு வால்வு தன் முகத்தின்மீது ஆவியின் அழுத்தத்தால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலிண்டருக்குள் நீர் சிக்கிக்கொள்ளும்போது, அந்த நீரின் அழுத்தம் வால்வைச் சற்றே தூக்கித் தப்பித்துக்கொள்ள வழி உண்டு. உருளை வடிவப் பிஸ்டன் வால்வுக்கு இல்லாத நற்குணம் இது. ஆனால் வால்வு ஆடுகிறதே என்று அஞ்சி, அதன் முதுகிலுள்ள நட்டை, அதை அசைக்கும் ராடோடு இறுக்கிவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். ராடு ஓடும் திசையில் ஆட்டம் இருக்கக் கூடாது. முகத்தை விட்டு எழும் திசையில் வால்வு தாராளமாக எழ வேண்டும். மூன்று முறை கழற்றி மாட்டியவர், மூன்றாவது முறை சற்றுக் கோபத்தோடு இறுக்கியிருக்கக்கூடும்.

அரை நிமிடத்தில் முள் இறங்குவது வேறு நோய். அதற்கு மருந்தும் வேறு. உங்கள் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22 கன சென்டிமீட்டர் ஆவியை விழுங்குகிறது. நிமிடத்துக்கு 500 சுற்று என்றால் 11 லிட்டர். 40 பவுண்டு அழுத்தத்தில் அது 22 கிராம் தண்ணீர். குளிர்ந்த நீரிலிருந்து அவ்வளவு ஆவியை உண்டாக்க நிமிடத்துக்கு 58 கிலோஜூல் வெப்பம் தேவை. சுவரில் நீராகி வீணாவதையும், புகைபோக்கி வழியே வெளியேறும் வெப்பத்தையும் சேர்த்தால், அடுப்பு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எரிய வேண்டும். பாய்லரை எதனால் சூடாக்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்பிரிட் விளக்காக இருந்தால் அந்த விளக்கின் வலிமையை இப்படி அளந்துகொள்ளலாம். ஒரு மெல்லிய பாத்திரத்தில் 200 மில்லிலிட்டர் தண்ணீர் வைத்து, 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு உயர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதற்குத் தேவையான வெப்பம் 50 கிலோஜூல். நான்கு நிமிடமானால், உங்கள் விளக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டரை கிலோஜூலைத்தான் தண்ணீருக்குள் செலுத்துகிறது. கேட்பது 58, கிடைப்பது பன்னிரண்டரை. முள் இறங்காமல் என்ன செய்யும்? கம்ப்ரசரின் பெரிய தொட்டி இந்தப் பற்றாக்குறையை உங்களுக்குக் காட்டவே இல்லை.

அதற்கு நல்ல கேஸ் பர்னர் வேண்டும், அல்லது வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சுமையில்லாமல் மேசைமீது ஓடும் எஞ்சினுக்கு 500 சுற்று எதற்கு? கப்பல் எஞ்சினின் அழகே ஒவ்வோர் உறுப்பும் அசைவது கண்ணுக்குத் தெரியும்படி ஓடுவதில்தான் இருக்கிறது. லிபர்ட்டி எஞ்சினின் முழு வேகமே நிமிடத்துக்கு 76 சுற்று. பாய்லரில் 40 பவுண்டு இருக்கட்டும், எஞ்சினின் முன்னுள்ள வால்வைச் சிறிதளவு மட்டும் திறந்து ஓட்டுங்கள். ஆவிக் குழாய் நீளமாக இருந்தால் குறையுங்கள். அதன்மேல் பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். பாய்லரை விட்டு வெளிவரும் குழாயை ஒரு முறை தீக்குள் வளைத்துக் கொண்டுவர முடிந்தால், அதில் கலந்துவரும் நீர்த்துளிகளும் ஆவியாகிவிடும். சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தேக்குச் சட்டங்களைப் பித்தளைப் பட்டையால் கட்டுவது வெறும் ஒப்பனையன்று; அதனடியில் ஒரு கம்பளித் துணியையும் வைத்தால், சுவர் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும். அழுத்தம் போதவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். குறை வெப்பத்தில் இருக்கிறது, அழுத்தத்தின் எல்லையில் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும், சூடேறச் சூடேற எஞ்சின் இறுகிக்கொண்டே போனால் பிஸ்டனைப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் எஞ்சினில் கன்மெட்டல் என்னும் வெண்கல வகைப் பிஸ்டனை வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குள், விரலால் தள்ளினால் மட்டும் நகரும்படி அவ்வளவு நெருக்கமாகக் கடைந்து பெருமைப்பட்டேன். ஆவி ஏறியதும் அது கல்லாக நின்றது. முக்கால் அங்குல விட்டத்தில், வெப்பம் 110 பாகை அளவுக்கு உயரும்போது, கன்மெட்டல் வார்ப்பிரும்பைவிட 0.015 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக விரியும். அலுமினியமானால் அந்த வேறுபாடு 0.03 மில்லிமீட்டரை நெருங்கும். போதாததற்கு, முதல் சில நிமிடங்களில் நாற்புறமும் ஆவி சூழ்ந்த பிஸ்டன், வெளிக்காற்று படும் சிலிண்டரைவிட முந்திக்கொண்டு சூடாகிறது. ஆகவே பிஸ்டனைச் சற்றுத் தளர்வாகவே கடைந்து, அதைச் சுற்றியுள்ள காடியில் கிராஃபைட் பூசிய நூலைச் சுற்றி அடைப்பதே முறை. அடைக்கும் வேலை நூலுடையது, பிஸ்டனுடையதன்று.

எண்ணெயிலும் காற்று நம்மை ஏமாற்றிவிடுகிறது. காற்றில் ஓட்டும்போது எந்த மெல்லிய எண்ணெயும் போதும். அதையே நீராவியில் விட்டால், வெந்நீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மோட்டார் எண்ணெயாக இருந்தால், நீரோடு கலந்து மோர் போல வெளுத்து வெளிவரும். நீராவிச் சிலிண்டருக்கென்றே விற்கப்படும் கனமான எண்ணெயை வாங்கி, ஆவிக் குழாயில் எண்ணெய் ஊட்டும் ஒரு சிறிய லூப்ரிகேட்டரைப் பொருத்துங்கள். அதற்குள் புகும் ஆவி குளிர்ந்து நீராகி, எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் தங்கும். அது சேரச் சேர எண்ணெய் மேலெழுந்து, ஒரு நுண்துளை வழியே சிறிது சிறிதாக ஆவியோடு கலந்து சிலிண்டருக்குப் போகும். இத்தனை நேரம் நமக்குத் தொல்லை கொடுத்த அதே குளிர்தல், இந்த ஓரிடத்தில் மட்டும் நமக்காக உழைக்கிறது. துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கட்டும். பெரிதானால், கழிவுக் குழாயிலிருந்து வரும் எண்ணெய் உங்கள் மேசையையும் சட்டையையும் நனைக்கும்.

ஓட்டி முடித்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே நான்கு வடிகுழாய்களையும் திறந்து, ஃபிளைவீலைப் பத்துப் பதினைந்து முறை சுற்றி உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றுங்கள். பிறகு அதே கனமான எண்ணெயில் சில சொட்டுகளை ஆவி நுழையும் வாய் வழியே விட்டு, மறுபடியும் சுற்றிவையுங்கள். வார்ப்பிரும்பு ஓர் இரவில் துருப்பிடித்துவிடும். அடுத்த நாள் காலையில் ஃபிளைவீல் அசையவில்லை என்றால், அப்போதும் உங்கள் கை முதலில் வால்வுப் பெட்டியின் திருகைத்தான் தேடும். அதற்கு முன்பு ஒரு பாத்திரம் வெந்நீரில் சிலிண்டரைச் சூடாக்கிப் பாருங்கள்.