கிளட்சைத் தொடாமல் ஊர்ந்து போக

நேயர்களுக்கு வணக்கம். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை வருவதற்கு முன்னால், தார் ரோடு முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அப்புறம் மணலும் சகதியும்தான். ஃபோர் வீல் ஜீப்பும் வேனும்தான் தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த வண்டிகளுக்கு வேலை பார்த்துத்தான் நான் தொழில் படித்தேன். எத்தனையோ கிளட்ச் பிளேட்டைக் கழற்றியிருக்கிறேன். கரிந்த வாடை மூக்கைத் துளைக்கும். பிரஷர் பிளேட்டில் சூட்டினால் நீலம் பாய்ந்திருக்கும். எல்லாம் ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடியே, வண்டியைத் தேய்த்ததன் விளைவு.

இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் ஃபோர் வீல் வண்டி வாங்கி, மேற்கே பாறைமேல் வண்டி ஏற்றப் போகிறார்கள். "அண்ணே, லோ கியர் எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்கிறார்கள். கிளட்சில் கால் வைக்காமல் வண்டி எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

மாருதியின் மேனுவல் ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 4.425, டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்சிலுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி; ரோட்டுக்கு ஹை, கரடுமுரடுக்கு லோ) லோ சுமார் 2, ஆக்சிலில் 4.09. மூன்றையும் பெருக்கினால் 36. அதாவது எஞ்சின் 36 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இந்த எண் கூடக் கூடக் கியர் லோ ஆகும், வண்டி மெதுவாகும். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால் வண்டி நிமிடத்துக்கு 60 மீட்டர் போகும், ஆள் நடக்கிற வேகம். ஹையில் போட்டால் வேகம் இரட்டிப்பு. ஹையில் இருந்துகொண்டு பாறையில் நடக்கிற வேகத்துக்கு வர, ஹாஃப் கிளட்ச் பிடிக்காமல் முடியாது.

ஜீப் கம்பெனியின் ராங்ளர் ரூபிகானில் டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ மட்டுமே 4. வெளிநாட்டில் விற்கிற மேனுவல் வண்டியில் மொத்தக் கணக்கு 84, அதற்கு மேலும் போகிறது. பெரும் பாறைக்கு அது வரம். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். ஆனால் நம் கடற்கரை மணலில் அவ்வளவு மெதுவாகப் போனால் சக்கரம் புதைந்துவிடும். மணலுக்கு ஓட்டம் வேண்டும். டயரில் காற்றைக் குறைத்து, லோவில் இரண்டாவது மூன்றாவது கியரில் நிற்காமல் போக வேண்டும். அதனால் மணலும் பாறையும் இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால் மொத்தக் கணக்கு 40, 50 போதும் என்பது என் கருத்து. ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம், அதில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் கைகொடுக்கும்.

பெரிய டயர் மாட்டும்போது இந்தக் கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பத்தில் ஒரு பங்கு பெரிய டயர் போட்டால் 36 என்பது 33 மாதிரி ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட, ஆக்சிலுக்குள் இருக்கிற கியரான கிரவுன் பினியனை மாற்றலாம். ஆனால் டயருக்கு வேண்டியதைத் தாண்டிக் கிரவுன் பினியனை லோ ஆக்கினால் ஹையிலும் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் போகிற வழியெல்லாம் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். பாறைக்காக மட்டும் குறைக்க வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் செட்டை மாற்றுவதுதான் சரி, ரோட்டில் வண்டி பழையபடியே ஓடும்.

இன்னொன்று. கியரைக் குறைக்கக் குறைக்க ஆக்சிலுக்குப் போகிற முறுக்கு கூடும். இரண்டு கல்லுக்கு நடுவில் சக்கரம் மாட்டிக்கொண்ட நேரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஆக்சில் ஷாஃப்ட் போகும், இல்லை ஷாஃப்ட்டை இணைக்கிற ஜாயிண்ட் கிராஸ் போகும். அவை தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுக் கியர் செட்டுக்குப் பணம் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தார் ரோட்டில் வேண்டாம், மண் தரையில். அரையடி உயர மரக்கட்டையை முன் சக்கரத்துக்கு முன்னால் போடுங்கள். லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சை முழுசாக விட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மட்டும் தொட்டு ஏற்றுங்கள். எஞ்சின் அடித்துக்கொண்டு நின்றால் உங்களுக்கு இன்னும் லோ வேண்டும். சக்கரம் மெல்ல ஏறி, தொப்பென்று விழாமல் மெல்ல இறங்கினால் இருக்கிற கியரே போதும், அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். நன்றி, வணக்கம்.