மாமியின் காலண்டரில் எங்கள் 2023

வணக்கம் மக்களே, எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஒரு நாள் தள்ளித்தான் சொல்கிறேன், இன்று 26, செவ்வாய்க்கிழமை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தத் தேதி சும்மா போவதில்லை, காலையில் எல்லாரும் பூசைக்குப் போய் செபித்துவிட்டுத்தான் வந்தோம். இப்போது மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், ஏனென்றால் கீழே பத்தொன்பது பேர் இருக்கிறோம், பேச ஒரு மூலை கிடைக்காது. எனக்குப் பின்னால் தெரிவதெல்லாம் மெத்தை, பாய், பள்ளிக்கூடப் பை, பாடப் புத்தகம். தூத்துக்குடியில் இந்த வாரம் எந்த மாடியைப் பார்த்தாலும் இதுதான் காய்ந்துகொண்டிருக்கும்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் ஒரு வருஷக் கதை வீடியோ போடுவேன், ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டுவேன், பழைய ஆட்களுக்குத் தெரியும். இந்த வருஷம் ஆல்பம் எதுவும் இல்லை. பீரோவின் கீழ்த் தட்டில் இருந்தது, தண்ணீர் போனபின் எடுத்தால் பக்கம் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது, பிரிக்கப் பிரிக்க முகமெல்லாம் உரிந்து வந்தது. அதனால் இன்று கையில் இருப்பது இதுதான், பாருங்கள், பங்குக் கோயிலில் கொடுத்த மாதக் காலண்டர். அடுக்களைச் சுவரில் உயரமான ஆணியில் தொங்கியதால் தப்பித்தது. இதில் இருக்கிற பென்சில் எழுத்து எல்லாம் எங்கள் மாமியுடையது. 'பா 4' என்றால் அன்று பால் நாலு லிட்டர். வட்டம் போட்ட 'சி' என்றால் சிலிண்டர் மாற்றிய நாள். ஃபீஸ் கட்டியது, காய்ச்சல் வந்தது, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுதிவிடுவார்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மாமா, மாமி. பெரிய அத்தான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், அவருக்கும் அக்காவுக்கும் நாலு பிள்ளைகள். அடுத்து நாங்கள், என் வீட்டுக்காரர் உப்பளத்தில் கணக்கு பார்க்கிறார், எங்களுக்கு மூன்று பிள்ளைகள். அப்புறம் கொழுந்தன். ஜனவரியில் பதின்நாலு பேர், மே மாதத்திலிருந்து பதினைந்து. நாத்தனார் திருச்செந்தூர் பக்கத்தில் வீரபாண்டியன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவர், அவர் வீட்டு நாலு பேரும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள், அது ஏன் என்று வருகிறேன்.

ஜனவரி, பிப்ரவரி இரண்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை, பாலும் காய்ச்சலும்தான். பிப்ரவரி 22 சாம்பல் புதன். அன்றிலிருந்து ஏப்ரல் 9 ஈஸ்டர் வரைக்கும் தவசுகாலம், வீட்டில் நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள். கொழுந்தனுக்கு மணப்பாட்டில் பெண் பார்த்து முடித்தது ஜனவரியிலேயே, ஆனால் ஏப்ரல் 15-க்கு அப்புறம்தான் கல்யாணம் என்று மாமா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கும், ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது பாதி இதை வைத்துத்தான். மற்ற பாதி பணம். தடைக்காலத்தில் வருமானம் கிடையாது, அதனால் செலவுக்கு மார்ச்சிலேயே எடுத்து வைத்தாக வேண்டும். இங்கே பாருங்கள், மார்ச் முழுக்கக் கூட்டலும் கழித்தலும், தாளே தேய்ந்துபோயிருக்கிறது.

மே 10, புதன், கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்னால், மே 8 அன்று பிளஸ் டூ ரிசல்ட். எழுதியிருந்தது அக்காவின் மூத்த மகள். வீட்டில் அன்று நாற்பது பேராவது இருந்திருப்பார்கள், மணப்பாட்டு ஆட்கள் பாதி, எங்கள் ஆட்கள் பாதி, ஹாலில் பாதி இடத்தைத் தேங்காய் மூட்டை பிடித்திருந்தது. அந்தப் பிள்ளை போனை எடுத்துக்கொண்டு இந்த மாடிக்குத்தான் ஓடி வந்தாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். 600-க்கு 538. கீழே வந்து யாரிடமும் சொல்லாமல் நேரே தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாமா "பாஸா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். மார்க் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இரண்டு கிலோ மக்ரூனோடு வந்தார். வந்திருந்த சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் அவரே கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, "என் பேத்தி நர்ஸ் ஆகப்போறா" என்று சொன்னார். கல்யாணத்தைவிட எனக்கு அந்த மத்தியானம்தான் மனதில் நிற்கிறது. அந்தப் படங்கள் எல்லாம் ஆல்பத்தோடு போய்விட்டன, அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

ஜூன் மாதம் இந்தப் பக்கம் முழுக்க அடித்து அடித்து எழுதியிருக்கிறது. வெயில் கடுமை என்று பள்ளிக்கூடத் திறப்பை 1-ஆம் தேதியிலிருந்து 7-க்கு, அப்புறம் 12-க்குத் தள்ளினார்கள், சின்ன வகுப்புகளுக்கு 14. அடுத்த நாள் 15 விடியற்காலையில் அத்தானும் கடலுக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் நிறைந்து கிடந்த வீடு நாலு நாளில் காலியானது.

ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. இந்த வருஷம் பத்து வருஷத்துக்கு அப்புறம் தங்கத்தேர். 2013-இல் தேர் வந்தபோது இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிற அக்கா மகன் கைக்குழந்தை போல அத்தான் தோளில் இருந்தான், இந்தத் தடவை என் சின்னவள் அவன் தோளில் இருந்தாள். வெளியூர் உறவு எல்லாம் வந்து இறங்கினதில் நாலு நாளில் இரண்டு சிலிண்டர் தீர்ந்தது, இதோ இரண்டு வட்டம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதே மாதம் 23-ஆம் தேதி சாயங்காலம் சந்திரயான் இறங்கினபோது மாமி செபமாலையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார், இறங்கும் வரைக்கும் ஒருவரையும் அடுக்களைக்குள் விடவில்லை. காலண்டரில் 'நிலா' என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு வாரம் கழித்து 'சி 200 குறைவு', சிலிண்டர் விலை இருநூறு ரூபாய் குறைந்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

செப்டம்பரில் அக்காவின் மூத்த பிள்ளை திருநெல்வேலியில் ஹாஸ்டலுக்குப் போனாள். இந்த வீட்டிலிருந்து படிக்க வெளியே போன முதல் பெண் அவள். பால் கணக்கு நாலிலிருந்து மூன்றே முக்கால் ஆகியிருக்கிறது பாருங்கள்.

செப்டம்பர் 15-ஐ மாமி கோடு போட்டு வைத்திருக்கிறார். மகளிர் உரிமைத் தொகை முதல் ஆயிரம் ரூபாய் அவர் கணக்கில் வந்த சமயம். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த வீட்டின் மொத்தக் கணக்கையும் பார்த்தவர், ஆனால் தன் பேரில் தனக்கென்று மாதாமாதம் வருகிற பணம் அதுதான் முதல் தடவை. ஒரு ரூபாய் எடுக்கவில்லை. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதத்துப் பணத்தையும் சேர்த்து வைத்து, இந்தக் கிறிஸ்துமஸ் பலகாரம் என் காசில் என்று சொல்லி, பச்சரிசி, சிறுபயறு, வெல்லம் எல்லாம் டிசம்பர் முதல் வாரத்திலேயே வாங்கி ஸ்டோர் ரூமில் அடுக்கிவிட்டார். முந்திரிக்கொத்து, அதிரசம், அச்சுமுறுக்கு, நாற்பது வீட்டுக்குத் தட்டு. 18-ஆம் தேதி மாவு இடிக்கக் கொடுப்பதாக இருந்தது. 'மாவு' என்று 18-இல் எழுதியிருக்கிறது.

டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படுகிற ஆகமன காலத்து மூன்றாவது ஞாயிறு, இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றுகிற ஞாயிறு. காலைப் பூசைக்குக் குடை பிடித்துக்கொண்டுதான் போனோம். மழை விடவே இல்லை. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர், அது நாத்தனார் ஊருக்கு அடுத்த ஊர். இங்கே கோரம்பள்ளம் குளம் உடைந்துவிட்டது என்று தெருவில் சத்தம் கேட்டது, அப்புறம் முதலில் கழிவறை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது, பிறகு வாசல் வழியாக. முதலில் பிள்ளைகள், அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், மாமியின் மாத்திரை, இப்படித்தான் கைக்குக் கிடைத்ததை எடுத்தோம். எதிர்வீட்டுக்காரர்கள் மாடியைத் திறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக மாடி அறை கிடையாது, இந்த வெறும் மொட்டைமாடிதான், அந்த மழையில் இங்கே நிற்கவே முடியாது. அவர்கள் வீட்டில் ஆறு பேர், நாங்கள் பதின்நாலு பேர் போய் ஏறினோம். மூன்று நாள் சோறு, கஞ்சி, பிள்ளைகளுக்குப் பால் எல்லாம் அவர்கள்தான், அவர்கள் அரிசி தீர்ந்தபோது பக்கத்து மாடியிலிருந்து கயிறு கட்டி வாளியில் வந்தது.

நாத்தனார் போன் இரண்டு நாள் கிடைக்கவில்லை. மாமா அந்த மாடி வராந்தாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நிற்கிறது, ஏரல் பாலம் உடைந்தது என்று ஒவ்வொரு சேதியாக வரும்போதும் உட்காருவார், திரும்ப எழுந்து நடப்பார். மூத்த பிள்ளை ஹாஸ்டலில், அங்கே தாமிரபரணி திருநெல்வேலி ஊருக்குள் வந்துவிட்டது. அத்தான் வீட்டில் நிற்கவே இல்லை, ஃபைபர் படகை லாரியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுபோய் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கடலில் ஓட்டுகிற படகை நம் பிள்ளைகள் சைக்கிள் பழகின தெருவில் ஓட்டினேன் என்று வந்து சொன்னார். 20-ஆம் தேதி சாயங்காலம் நாத்தனார் குரல் கேட்டது. என் வீட்டுக்காரர் வேலை செய்கிற உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்துபோனது, அடுத்த வருஷம் வேலை எப்படி என்று இன்னும் பேச்சு முடியவில்லை.

22-இல் தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போனோம். மாமி நேரே ஸ்டோர் ரூமுக்குத்தான் போனார். பச்சரிசி மூட்டை ஊறிப் புளித்து நாறியது. சிறுபயறு சாக்கைக் கிழித்துக்கொண்டு முளைத்திருந்தது, வெள்ளை வெள்ளையாக முளை, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் சாக்கடைத் தண்ணீர் கலந்தது, தொடக்கூட முடியாது. வெல்லம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டையை என் வீட்டுக்காரர் தூக்கிப் போனபின் அந்த இடத்தைக் கழுவிவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் காலண்டரை எடுத்துவரச் சொல்லி, அந்த நாலு நாளில் நமக்குச் சாப்பாடு தந்தது யார் யார் என்று கேட்டு எழுதினார். ஒன்பது வீடு. டிசம்பர் மாத ஆயிரத்தை எடுத்துக் கொடுத்து மாவு, முட்டை, சர்க்கரை, தேங்காய், எண்ணெய் வாங்கிவரச் சொன்னார். பலகாரம் இந்த வருஷம் வேண்டாம் மாமி, உங்கள் உடம்பு என்ன ஆகும் என்று நானும் அக்காவும் சொன்னோம். "சாப்பிட்ட தட்டை வெறுமையாத் திருப்பிக் கொடுப்பாங்களா?" என்று கேட்டார். அதற்கு அப்புறம் நாங்கள் பேசவில்லை.

அடுப்பு நனைந்து கிடந்தது, அதனால் இங்கேயே, நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில், செங்கல் வைத்து அடுப்பு கூட்டினோம். அச்சு துருப்பிடித்திருந்தது, புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, எண்ணெயிலேயே கொஞ்ச நேரம் கிடக்கவிட்டார். அச்சுமுறுக்கு போட்டவர்களுக்குத் தெரியும், அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும், மாவில் முக்கும்போது 'சுர்' என்று ஒரு சத்தம் வர வேண்டும், மாவு அச்சின் விளிம்பு வரைக்கும்தான் ஏற வேண்டும், ஒரு நூல் மேலே ஏறினாலும் முறுக்கு அச்சை விட்டு இறங்காது. மாமி கை நடுங்குகிறது இப்போது, ஆனால் முக்கும்போது மட்டும் நடுங்கவில்லை. முதல் பத்து உடைந்தது, பிள்ளைகள் நின்றுகொண்டே தின்றார்கள். மணப்பாட்டுத் தங்கச்சிக்கு இந்த வீட்டில் இது முதல் கிறிஸ்துமஸ், அவள் கல்கல் என்கிற இனிப்புப் பலகாரத்துக்கு மாவு உருட்டினாள், சீப்பில் வைத்து உருட்டுகிற பழக்கம் அவளுக்கு, எங்களுக்கு முள்கரண்டி. அன்று ராத்திரி மூத்த பிள்ளையும் வந்துவிட்டாள், நாத்தனார் குடும்பமும் வந்தது.

இந்த வருஷம் ஆகமன காலத்து நாலாவது ஞாயிறும் 24-தான், காலையில் ஒரு பூசை, அன்று ராத்திரியே பிறப்புப் பூசை. குடில் சுரூபங்களில் பாதி கரைந்துவிட்டது. பாலன் சுரூபம் மட்டும் முழுசாக இருந்தது, பன்னிரண்டு மணிக்குத்தான் வைப்போம் என்பதால் மாமி அதை எப்போதும் பீரோவின் மேல் தட்டில் வைத்திருப்பார். மாமா பழைய வலையை மடித்து விரித்து அதில் கிடத்தினார்.

நேற்று ஒன்பது தட்டும் போய்ச் சேர்ந்தது. எதிர்வீட்டுக்கு மாமியே எடுத்துக்கொண்டு போனார், மற்ற வீடுகளுக்குப் பிள்ளைகள்.

அப்புறம் சாயங்காலம் அளவு எடுத்தோம். ஹால் கதவு நிலையில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகளை நிறுத்தித் தலைக்கு மேல் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுவோம், போன வருஷ வீடியோவில் காட்டியிருக்கிறேன். அதே நிலையில் இப்போது காவி நிறத்தில் இன்னொரு கோடு இருக்கிறது, தண்ணீர் நின்ற கோடு. என் சின்னவளுக்கு மூன்று வயது. போன கிறிஸ்துமஸில் அவளுக்குப் போட்ட பென்சில் கோடும் இந்தக் காவிக் கோடும் ஒரே உயரத்தில் இருக்கிறது, பென்சில் பாதி அழிந்து தேதியில் '25' மட்டும் தெரிகிறது. மூத்த பிள்ளைதான் அவளை நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலையில் ஸ்கேல் வைத்தாள். நாலு விரல்கடை வளர்ந்திருக்கிறாள். மாமி பென்சிலை வாங்கிப் புதுக் கோட்டை அவரே போட்டார், தேதி எழுதினார், அப்புறம் காவிக் கோட்டுக்குப் பக்கத்திலும் குனிந்து 18.12.23 என்று எழுதினார். வெள்ளை அடிக்கும்போது இந்த நிலையைத் தொடக் கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

சரி மக்களே, கீழே கூப்பிடுகிறார்கள், பத்தொன்பது பேருக்கு அரிசி களைய வேண்டும்.