உடலைப் பார்த்துப் பயிற்சி

நேயர்களுக்கு வணக்கம். மூச்சோடு சேர்த்து உடலை மெதுவாக அசைத்துத் தசைகளை வலுப்படுத்தும் பிலாட்டீஸ் பயிற்சியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் இயன்முறை மருத்துவம் படித்தவள். சென்னையில் பல ஆண்டுகளாக இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

பிலாட்டீஸ் என்றதும் ஸ்பிரிங் பூட்டிய நீளமான பலகையில் ஒரு நடிகை படுத்துக்கொண்டு காலை நீட்டும் படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். என்னிடம் தொலைபேசியில் விசாரிப்பவர்களோ வேறு கவலையோடு பேசுகிறார்கள். "அம்மா, எனக்கு அறுபத்தைந்து வயதாகிறது, முடியுமா?" "முட்டிவலி இருக்கிறதே, செய்யலாமா?" "குழந்தை பிறந்து நான்கு மாதம்தான் ஆகிறது, தொடங்கலாமா?" மூன்று பேருக்கும் என் பதில் ஒன்றுதான். முடியும், செய்யலாம், தொடங்கலாம். ஆனால் பக்கத்துப் பாயில் இருப்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். இன்று இதையே நான் வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சியை உருவாக்கியவர் ஜோசப் பிலாட்டீஸ். ஜெர்மனியில் மோன்ஷன்கிளாட்பாக் என்ற ஊரில் 1883-இல் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா; எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய் வேறு. அந்த நோஞ்சான் பிள்ளை, தன் உடலைத் தானே தேற்றிக்கொள்ள ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றுக்கொண்டார். பிறகு இங்கிலாந்துக்குப் போனார். முதல் உலகப் போர் மூண்டது; ஜெர்மானியர் என்பதால் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாம் அது. எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவர்களின் கட்டிலில் ஸ்பிரிங்குகளைக் கட்டி, படுத்தபடியே கைகால்களை அசைக்க வைத்தார் என்று ஒரு கதை எங்கள் துறையில் வழங்கிவருகிறது. 1926-இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் சந்தித்த கிளாரா அவருடைய வாழ்க்கைத் துணையானார். எட்டாவது அவென்யூவில் இருவரும் சேர்ந்து பயிற்சிக்கூடம் நடத்தினார்கள். மார்த்தா கிரஹாம், ஜார்ஜ் பாலன்சின் போன்ற நடன மேதைகள் அடிபட்ட தங்கள் கலைஞர்களை அங்கே அனுப்பினார்கள். ஜோசப் அதட்டிச் சொல்லிக்கொடுப்பவர். கிளாரா பொறுமைசாலி, நோயாளிகளை அவர்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டார். ஆசிரியர்களில் எனக்குப் பிடித்தவர் கிளாராதான்.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பிரிங் பூட்டிய அந்தப் பலகைக் கருவியில் செய்வது கடினம், தரையில் விரித்த பாயில் செய்வது எளிது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். பாயில் படுத்துக் காலைத் தூக்கினால் அந்தக் காலின் எடை முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டும். கருவியில் காலை ஒரு பட்டையில் மாட்டினால் ஸ்பிரிங் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. பலவீனமானவருக்குக் கருவி துணை செய்யும். பலசாலியை அதே கருவி எதிர்த்து நிற்கும். வீட்டில் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை, தலைக்கு மடித்த போர்வை, நாற்காலியின் இருக்கையில் பாதம் என்று வைத்தாலே பாதிச் சுமை குறைந்துவிடும்.

அடுத்ததாக ஈவ் ஜென்ட்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த வகுப்பில் பேசினாலும் இவரைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. ஈவ் நடனக் கலைஞர். முதுகிலும் முட்டியிலும் வலி என்று ஜோசப்பிடம் போனவர், தேறியபின் அங்கேயே ஆசிரியராகிவிட்டார். 1950-களில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்தக் காலத்து அறுவை சிகிச்சை எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். மார்பகத்தோடு அதன் அடியில் உள்ள நெஞ்சுத் தசையையும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அதன்பின் கையைத் தலைக்குமேல் தூக்குவதே பெரும்பாடு. நடனமாடும் ஒருவருக்குக் கை தூக்க முடியவில்லை என்றால் என்ன மிஞ்சும்? ஜோசப்பும் ஈவும் சேர்ந்து உழைத்தார்கள். தோள்பட்டையை எப்படி அசைப்பது, விலா எலும்புகளுக்குள் மூச்சை எப்படி இறக்குவது என்று மிகச் சிறிய அசைவுகளிலிருந்து தொடங்கினார்கள். கடைசியில் ஈவ் எல்லாப் பயிற்சிகளையும் செய்தார். அதைப் படம்பிடித்து மருத்துவர்களுக்குக் காட்டியபோது, இவருக்கு அந்த அறுவை சிகிச்சை நடந்திருக்க முடியாது என்றார்களாம். தழும்பு தெரியும்படி மறுபடியும் படம்பிடித்தார்கள் என்று எங்களுக்குப் பாடம் சொன்னவர்கள் சொல்வார்கள்.

ஈவிடம் நான் கற்றுக்கொண்டது அதற்கடுத்த பகுதி. தன் உடலில் கண்ட அந்தச் சின்னஞ்சிறு அசைவுகளையே பிற்பாடு தொடக்கநிலைப் பாடங்களாக வகுத்து மாணவர்களுக்குக் கொடுத்தார். வகுப்புக்கு வந்தவுடன் கடினமான பயிற்சிகளில் இறக்கிவிடும் வழக்கம் இன்றும் பல இடங்களில் இருக்கிறது. தையற்காரர் அளவெடுக்காமல் ரவிக்கை தைப்பதில்லை. உடலுக்கு மட்டும் ஏன் அளவெடுக்காமல் பயிற்சி கொடுக்கிறார்கள்? எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒன்று செய்துபாருங்கள். வண்டி ஓட்டுபவர்கள் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் விலாவின் இரு பக்கமும் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுங்கள். விலா எலும்புகள் கைகளைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். தோள் மேலே ஏறக்கூடாது. மெதுவாக வாயால் விடுங்கள். அடிவயிறு தானாகவே லேசாக உள்ளே போவதை உணர்வீர்கள். இவ்வளவுதான் முதல் பாடம். வயிற்றை இறுக்கி இழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்வது பிலாட்டீஸ் ஆகாது. ஒரு பயிற்சியின் நடுவே உங்களால் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை என்றால், அந்தப் பயிற்சி இன்றைய உங்கள் உடலுக்கு அதிகம்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது மிகவும் முக்கியம். நம் வீடுகளில் பிரசவத்துக்குப்பின் பாட்டியோ அத்தையோ பழைய பருத்திப் புடவையால் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டு இதமாக இருக்கும், முதுகுக்குக் கொஞ்சம் தாங்கல் தரும். ஆனால் தசையின் வேலையைத் துணி செய்துவிடாது. கர்ப்பத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் இரு பக்கத் தசைகளும் விலகிப்போகின்றன. பலருக்குச் சில மாதங்களில் நெருங்கி வந்துவிடும்; சிலருக்கு வராது. அந்த நிலையில், வயிறு குறைய வேண்டும் என்ற அவசரத்தில், படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சியைச் செய்கிறார்கள். நடுவயிறு கூம்பு போலப் புடைத்து எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் உடனே நிறுத்துங்கள். மூச்சோடு சேர்த்து இடுப்புத் தளத் தசைகளை, அதாவது சிறுநீரை அடக்கும்போது நாம் பயன்படுத்தும் தசைகளை, மெல்ல மேலே இழுத்து விடுவதிலிருந்து தொடங்குங்கள். தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது என்பதை வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்ளும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அப்படியே இருக்க வேண்டியதில்லை, தாய்மார்களே. சரியாகப் பயிற்சி செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கும். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் சம்மதித்தபிறகு வாருங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போதும் செய்யலாம். நான்கைந்து மாதத்துக்குமேல் மல்லாந்து வெகுநேரம் படுக்கக் கூடாது; வளரும் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். ஒருக்களித்துப் படுத்தோ, உட்கார்ந்தோ, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ செய்தால் போதும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறேன். எலும்பு மெலியும் காலம் அது. ஜோசப் வகுத்த பாய்ப் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதுகை முன்பக்கமாக வளைப்பவை. எலும்பு மெலிந்தவருக்கு அது ஆபத்து. அமெரிக்காவின் மேயோ கிளினிக் என்ற மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலும்பு மெலிந்த பெண்களில் முதுகைப் பின்பக்கம் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குத்தான் முதுகெலும்பில் புதிய நொறுங்கல்கள் ஏற்பட்டன. முன்வளையும் பயிற்சி செய்தவர்களிலோ 89 சதவீதம். மொத்தமே 59 பெண்களைக் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான் அதை மதிக்கிறேன். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் எலும்பு மெலிவு என்று வந்திருந்தால், உருண்டு எழும் பயிற்சிகளை விட்டுவிட்டு, குப்புறப் படுத்து நெஞ்சை லேசாகத் தூக்குவதைச் செய்யுங்கள். அதே பாய், அதே ஆசிரியர். உங்களுக்கு வேறு பாடம். பார்த்தீர்களா, தொடக்கத்தில் சொன்னதற்கே திரும்ப வந்துவிட்டேன்.

பரதநாட்டியம் பயிலும் பதின்வயதுப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு மூட்டுகள் இயல்பாகவே அதிகம் வளையும். அவர்களை இன்னும் நீட்டாதீர்கள். அரைமண்டியில் முட்டி உள்பக்கம் சரியாமல் தாங்கும் இடுப்புத் தசைகளுக்குத்தான் வேலை வேண்டும்.

எதிரே கடிகாரம் இரண்டு நிமிடம் என்கிறது. முதியவர்களுக்கென்று நிறைய வைத்திருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தரையில் படுக்க முடியாதவர்கள் படுக்கவே வேண்டாம். சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியில் முன்பக்கமாக உட்காருங்கள். மூச்சை விட்டபடி கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் தூக்கி இறக்குங்கள். தினமும் காலையில் காப்பி கொதிக்கும் நேரம் போதும். மயக்கமோ நெஞ்சுவலியோ காலில் புதிதாக மரத்துப்போதலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தோள் இறுகிப்போன சர்க்கரை நோயாளிகளைப் பற்றிப் பேச நேரமில்லை. அவர்கள் கையை மேசைமேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்துவதிலிருந்து தொடங்கலாம். நன்றி, வணக்கம்.