ஒரு கை புளியங்கொட்டை இருந்தா போதும், லீவு முழுக்க ஓட்டிடலாம்

(திரையில: சிமெண்ட் தரை, அதுல கொட்டிக் கிடக்கிற புளியங்கொட்டை, கேமரா மேல இருந்து)

மக்களே வணக்கம். போன மாசம் பசங்களைக் கூட்டிட்டு ஒரு மால்ல கேம் விளையாடுற இடத்துக்குப் போனேன், கார்டுல 500 ரூபா ஏத்தினோம், 20 நிமிஷத்துல காலி, வெளிய வந்தா பாப்கார்ன் வேணுமாம், அது தனி கணக்கு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் சின்னவன் சோஃபால விழுந்து "போர் அடிக்குதுப்பா"ங்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த நேரம் எங்க அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. வருஷப் புளி வாங்கியாச்சு, அருவாமணை முன்னாடி உட்கார்ந்து கொட்டை எடுத்துட்டு இருந்தாங்க, நான் கொட்டையை அள்ளி குப்பைல போடப் போனேன், "அதை ஏன்டா கொட்டுற, இங்க கொண்டா"ன்னாங்க. இன்னைக்கு வீடியோ அந்தக் கொட்டையைப் பத்திதான்.

கொட்டை எடுத்த பாக்கெட் புளிதான் எங்க வீட்லன்னு சொல்றவங்க, சீத்தாப்பழ விதை, மொச்சை, சட்டை பட்டன், எது வேணா எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு, சிவப்பா கறுப்புப் பொட்டு வெச்சு அழகா இருக்கும்ல குன்றிமணி, அதை மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தக் காலத்துல பல்லாங்குழிக்குப் போட்டு ஆடியிருக்காங்கதான், ஆனா அதுக்குள்ள இருக்கிறது கடும் விஷம், குழந்தை கடிச்சு மென்னுட்டா உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி தவழுற குழந்தை வீட்ல இருந்தா புளியங்கொட்டையைக்கூட கீழ விடாதீங்க, நேரா மூக்குக்குள்ளதான் போகும்.

(திரையில: சின்னக் குவியல், ஒரு பையன் குனிஞ்சு ஊதுறான்)

முதல்ல ரொம்ப ஈஸியானது, ஊதுறது. எல்லாக் கொட்டையையும் குவிச்சு வெச்சு உஃப்னு ஒரு ஊது, சிதறித் தனியா விழுந்ததை ஒவ்வொண்ணா எடுக்கணும், பக்கத்துல இருக்கிறது அலுங்கக் கூடாது, அலுங்கிடுச்சுன்னா ஆட்டம் அடுத்தவங்களுக்கு. அலுங்குச்சா அலுங்கலையாங்கிற சண்டைலயே அரை மணி நேரம் போயிடும். ஒத்தையா ரெட்டையா உங்களுக்கே தெரியும், கைக்குள்ள மூடி வெச்சுக் கேட்கிறது, அதை விளக்க வேண்டாம்.

(திரையில: சாக்பீஸால 14 வட்டம், 2 வரிசை)

இப்ப மெயின் ஐட்டம், பல்லாங்குழி. மரப்பலகை வேணும்னு யார் சொன்னா, தரையில சாக்பீஸால ஒரு பக்கம் 7, எதிர் பக்கம் 7 வட்டம் போடுங்க, முட்டை அட்டையை வெட்டினாலும் ஆச்சு. குழிக்கு 5 கொட்டை, மொத்தம் 70. 6 போட்டு ஆடுற ஊரும் உண்டு, அப்ப 84 வேணும்.

உங்க பக்கத்துக் குழி ஒண்ணுல இருக்கிறதை மொத்தமா அள்ளி, அடுத்தடுத்த குழியில ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போகணும், எதிராளி பக்கமும் சுத்தி வரணும். கை காலியாச்சா, அதுக்கு அடுத்த குழியில இருக்கிறதை அள்ளித் தொடரணும். அடுத்த குழி வெறுங்குழியா இருந்தா? அங்கதான் லாபம், அதைத் தொடைச்சுட்டு அதுக்கும் அடுத்த குழியில இருக்கிறது எல்லாம் உங்களுக்கு, உங்க ஆட்டம் அதோட முடிஞ்சுது. ரெண்டு குழி வரிசையா வெறுமையா இருந்தா ஒண்ணும் கிடைக்காது, தொடைச்ச கையோட எதிராளியப் பார்த்து முழிக்க வேண்டியதுதான்.

அப்புறம் பசு. போட்டுட்டு வரும்போது ஏதாவது குழியில சரியா 4 சேர்ந்தா அது பசு, அந்தக் குழி யார் பக்கமோ அவங்க உடனே எடுத்துக்கலாம். நீங்க கவனிக்கிறதுக்குள்ள எதிராளி அடுத்த கொட்டையைப் போட்டு 5 ஆக்கிட்டா போச்சு, எங்க அம்மா இந்த வேலையை ரொம்ப வேகமா பண்ணுவாங்க, பேச்சுக் குடுத்துக்கிட்டே பண்ணுவாங்க.

(திரையில: குழிக்கு மேல ஓடுற எண்கள், மெதுவா)

பெரியவ என்கிட்ட, "முதல் ஆட்டத்துக்கு எந்தக் குழியில இருந்து எடுத்தாப்பா நல்லது"ன்னு கேட்டா. நான் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். 5 எடுத்துப் போடுறேன், அடுத்த குழியில 5, அள்ளிப் போடுறேன், அதுக்கு அடுத்ததும் 5, அதுக்கப்புறம் 6, மறுபடி 6, அது முடியுற இடத்துல அடுத்த குழி வெறுங்குழி, தொடைச்சா 7 கொட்டை. சரி வேற குழியில இருந்து ஆரம்பிப்போம்னு பார்த்தா அதுவும் 7. அட, எல்லாக் குழியிலயும் 5-தானே இருக்கு, வட்டமா வேற சுத்துறோம், எங்க தொடங்கினாலும் ஒரே கதைதான்! ஆக முதல் ஆட்டத்துக்கு மூளையே வேண்டாம், எதிராளி ஆடி முடிச்ச ரெண்டாவது கைல இருந்துதான் கண்ணாலயே எண்ணி எண்ணிப் பார்க்கணும். குழியில கைய விட்டு எண்ணக் கூடாதுங்கிறது எங்க வீட்டு ரூல்.

(திரையில: கொட்டையைத் தரையில தேய்க்கிற கை)

அடுத்து தாயம். பித்தளைக் கட்டை இல்லையா, 6 கொட்டை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான தரையில தேய்ங்க, கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். தேய்ச்ச சூட்டோட பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் கைல ஒண்ணு வைக்கிறது தொன்று தொட்டு வர்ற வழக்கம், நான் சொல்லிக் குடுக்கல.

உருட்டினா எத்தனை வெள்ளை மேல தெரியுதோ அதுதான் எண்ணிக்கை, 1 விழுந்தா தாயம், எல்லாமே கறுப்பா விழுந்தா 12. தாயம், 5, 6, 12, இது விழுந்தா இன்னொரு தடவை போடலாம். பலகைக்கு 5-க்கு 5 கட்டம், நாலு பக்க நடுவுலயும் மையத்துலயும் பெருக்கல் குறி, அந்தக் குறியில காய் இருந்தா வெட்ட முடியாது. தாயம் விழுந்தாதான் காய் இறங்கும். வெளிச் சுத்து 16 கட்டம், உள் சுத்து 8, அப்புறம் நடுக் கட்டம், காய் அங்க போய்ச் சேர்ந்தா பழம். ஒருத்தரையாவது வெட்டாம உள்ள நுழைய முடியாது, இந்த ஒரு ரூலாலதான் அண்ணன் தங்கச்சி உறவெல்லாம் கெட்டுப் போகுது.

ஒரு விஷயம் கவனிச்சேன். பித்தளைக் கட்டையில 0, 1, 2, 3-ன்னு நாலு முகம், ரெண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமா விழலாம், அதுல 2 தாயம், அதாவது எட்டுக்கு ஒண்ணு. கொட்டையில வெள்ளையும் கறுப்பும் சமமா விழுதுன்னே வெச்சுக்குவோம், 64 விதத்துல 6 தான் தாயம், பத்துக்கு ஒண்ணுகூட இல்ல. 12 இன்னும் மோசம், கட்டையில 16-க்கு ஒண்ணு, கொட்டையில 64-க்கு ஒண்ணு. அதனால கொட்டைத் தாயத்துல காய் இறங்கவே சாயங்காலம் ஆகலாம், பொறுமை இல்லாத வீட்ல முதல் காயை மட்டும் சும்மா இறக்கிக்கங்க.

(திரையில: முக்கோணக் கோலம் மாதிரி ஒரு படம்)

ஆடு புலி ஆட்டத்தையும் சொல்லிடுறேன். பழைய கோயில் மண்டபத் தரையில செதுக்கி வெச்சிருப்பாங்க, அந்தப் படத்தை சாக்பீஸால போடுங்க, கோடு சந்திக்கிற இடம் 23. புலி 3, ஆடு 15. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குக் கொட்டை. ஆட்டுக்காரர் ஒவ்வொண்ணா வெச்சுட்டே வரணும், 15-ம் வெச்சு முடிக்கிற வரை எந்த ஆடும் நகர முடியாது, புலி மட்டும் சுத்திட்டே இருக்கும், ஆட்டுக்கு நேர் பின்னாடி இடம் காலியா இருந்தா தாண்டிக் குதிச்சு தின்னுடும். 3 புலியும் அசைய முடியாம அடைச்சுட்டா ஆடு ஜெயிச்சுது. எல்லாப் பசங்களும் புலிதான் வேணும்னு அழுவாங்க, ஆனா ஆடுதாங்க சுவாரசியம், ஓரத்துல இருந்து ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா முட்டுக் குடுத்து வெச்சுட்டு வாங்க, புலிக்குக் குதிக்க இடமே இருக்காது.

(திரையில: கொட்டையை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போடுறாங்க)

நேத்து ராத்திரி எடுத்து வைக்கும்போது எண்ணினோம், 70-க்கு 68 தான் இருந்துச்சு. சோஃபாக்கு அடியில, மிதியடிக்கு அடியில எல்லாம் தேடியாச்சு. கடைசில சின்னவன் போய் பாட்டி முந்தானை முடிச்சை அவுத்தான், ரெண்டும் அங்க இருந்துச்சு. "காபி போடணும்"னு சொல்லிட்டு எங்க அம்மா எழுந்து போயிட்டாங்க.