நண்பனுக்குக் கொடுத்த கால்ஷீட்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம், வடபழனி என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே மொட்டை மாடியில் கட்டிய ஒற்றை அறைகளுக்கு எந்தக் காலத்திலும் கிராக்கி உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து வாடகை கொடுப்பார்கள். ஒருவர் கேமரா படித்தவர், ஒருவர் உதவி இயக்குநர், ஒருவர் நடிக்க வந்தவர். யாருக்கு ஷூட்டிங் இருக்கிறதோ அவருடைய பேட்டாவில், அதாவது அன்றைய படிக்காசில்தான் அன்று இரவு எல்லாருக்கும் சாப்பாடு. இந்த வாழ்க்கையைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த அறையில் ஒருவருக்கு மட்டும் மார்க்கெட் வந்துவிட்டால், மற்ற மூன்று பேரும் என்ன ஆகிறார்கள்?

வழக்கமாக நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஒருவர் மேனேஜர் ஆகிறார். ஒருவர் தேதி பார்த்துக்கொள்கிறார். ஒருவர், கதை சொல்ல வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, முதலில் என்னிடம் ஒன்லைன் சொல்லுங்கள் என்கிறார். எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் கேமரா படித்தவர் கேமராவைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். போன படம் சரியில்லை என்று நடிகரிடம் சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆள் இருக்காது, ஏனென்றால் எல்லாருடைய சோறும் அவர் பெயரில் வருகிறது.

இதற்கு வேறு மாதிரி நடந்த ஒரு கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நடிகர் விஜய் சேதுபதியும் அவருடைய நண்பர்களும்.

விஜய் சேதுபதி துபாயில் கணக்காளராக வேலை பார்த்துவிட்டு வந்தவர். திரும்பி வந்த பிறகு ந. முத்துசாமி நடத்திய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டே அங்கே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு படங்களில் கூட்டத்தில் ஒருவராக, நாயகனுக்குப் பின்னால் நிற்கும் நண்பராகப் பல வருடங்கள். 2010இல் சீனு ராமசாமியின் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில்தான் நாயகன். அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனாலும் விருது வேறு, மார்க்கெட் வேறு. மார்க்கெட் வந்தது 2012இல்தான்.

அந்த வருடத்தின் கடைசி நான்கு மாதத்தில் அவர் நடித்த மூன்று படங்கள் அடுத்தடுத்து வந்தன. செப்டம்பரில் ‘சுந்தரபாண்டியன்’, அக்டோபரில் ‘பீட்சா’, நவம்பர் முடிவில் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’. ‘பீட்சா’வை இயக்கிய கார்த்திக் சுப்பராஜ், சாஃப்ட்வேர் வேலையிலிருந்து குறும்படத்துக்கு வந்தவர். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சியில் பழகிய கூட்டம் அது. அவருடைய குறும்படங்களில் விஜய் சேதுபதி ஏற்கெனவே நடித்திருந்தார். அதே நிகழ்ச்சியிலிருந்து வந்த நலன் குமரசாமி 2013இல் ‘சூது கவ்வும்’ எடுத்தார். அதற்கும் இவர்தான் நாயகன். பாபி சிம்ஹா இந்த இரண்டு படங்களிலும் இருந்தார். அடுத்த வருடமே கார்த்திக்கின் ‘ஜிகர்தண்டா’வில் நடித்துத் தேசிய விருது வாங்கினார்.

ஆனால் நான் நிதானமாகப் பேச விரும்புவது அந்த நவம்பர் மாதப் படத்தைப் பற்றி.

கல்யாணம் நெருங்கும் நேரத்தில் ஒரு பையன் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடுகிறான். கேட்ச் பிடிக்கப் பின்னால் ஓடிக் கீழே விழுகிறான். தலையில் அடி. அண்மைக் காலத்து ஞாபகம் முழுக்கப் போய்விடுகிறது. காதலித்த பெண்ணையே தெரியவில்லை. வீட்டுக்குச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். ஆகவே மூன்று நண்பர்கள், யாருக்கும் தெரியாமல், அவனை மேடைவரை கொண்டுபோய்ச் சேர்க்கப் படாத பாடு படுகிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்துப் பார்த்த படம். இது உண்மையில் நடந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். நடந்தது யாருக்கு? அந்தப் படத்துக்குக் கேமரா பிடித்த சி. பிரேம்குமாருக்கு. நண்பனுக்கு நடந்ததைக் கதையாக எழுதி இயக்கியவர் பாலாஜி தரணீதரன். படத்தில் வரும் நண்பர்களில் ஒருவரான பகவதி பெருமாள், அந்த நிஜச் சம்பவத்திலும் கூட இருந்தவர். தன் வேடத்தைத் தானே நடித்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேமராவுக்குப் பின்னால் பிரேம்குமார் நிற்கிறார். முன்னால், பிரேம்குமாராக விஜய் சேதுபதி நிற்கிறார். பக்கத்தில், அன்றைக்கு உண்மையாகவே பதறியவர் அதே பதற்றத்தை மறுபடி நடிக்கிறார். இது சரியா வந்திருக்கிறதா என்று நடிகர் கேட்டால், இல்லை, அப்படி இல்லை என்று சொல்லும் உரிமை அங்கே இரண்டு பேருக்கு இருந்தது. புகழ் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு இப்படி ஒரு படப்பிடிப்பு அமைவது எந்த நடிகருக்கும் பெரிய கொடுப்பினை. நண்பர்கள் கூட இருப்பதைவிட, நண்பர்கள் தத்தம் வேலையோடு கூட இருப்பது முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அடுத்து, கால்ஷீட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நடிகர் ஒதுக்கிக் கொடுக்கும் நாள், அவ்வளவுதான். தொழிலுக்குள் அது பணம். மார்க்கெட் உள்ள நடிகர் தேதி கொடுத்துவிட்டார் என்று தெரிந்தால்தான் தயாரிப்பாளருக்கு ஃபைனான்ஸ் பிறக்கும். டிவி உரிமை, பிறகு ஓடிடி உரிமை, வெளிநாட்டு விற்பனை எல்லாம் அந்தப் பெயரின் மேல்தான் பேசப்படும். கதை நல்ல கதை என்பதற்காக யாரும் வட்டிக்குப் பணம் தருவதில்லை. எனவே வளர்ந்துவரும் நடிகர் நண்பனுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி கையில் பணம் கொடுப்பது அல்ல, தேதி கொடுப்பது. மார்க்கெட் நன்றாக இருக்கும் வருடத்தில் கொடுக்க வேண்டும். இறங்கிய பிறகு கொடுத்தால் அந்தத் தேதிக்கு மதிப்பு கிடையாது.

பழைய காலத்திலும் இது நடந்திருக்கிறது. நாகேஷ், கவிஞர் வாலி, நடிகர் ஸ்ரீகாந்த் மூவரும் சென்னையில் ஒரே அறையில் இருந்தவர்கள். நாகேஷ் ஏறுமுகத்தில் இருந்த நேரம், மேடை நாடகக் காலத்து நண்பரான கே. பாலசந்தர் 1965இல் முதன்முதலாகப் படம் இயக்கினார். அந்த ‘நீர்க்குமிழி’க்கு நாகேஷ்தான் நாயகன். சிரிப்பு நடிகரை நாயகனாக வைத்து, அதுவும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் கதை. அன்றைய கணக்குப்படி வியாபாரிகள் கையெடுத்துக் கும்பிட்டு விலகியிருக்க வேண்டிய படம். நாகேஷின் பெயர் அதைத் தாங்கியது.

விஜய் சேதுபதியின் கதையில் அப்படிப்பட்ட வருடம் 2018. அதற்கு முந்தைய வருடம் ‘விக்ரம் வேதா’ பெரிய வெற்றி. 2018 செப்டம்பர் 27ஆம் தேதி மணி ரத்னத்தின் படத்தில் அவர் திரையில் வருகிறார். சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 4ஆம் தேதி, ‘96’. இயக்கம் சி. பிரேம்குமார். ஆமாம், தலையில் அடிபட்ட அதே பிரேம்குமார்தான். அதுவரை ஒளிப்பதிவாளர், இயக்கியது அதுதான் முதல் படம். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது, பள்ளியில் ஒன்றாகப் படித்த இருவர் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டே நடக்கும் படம். இதை ஒரு புதியவர் தயாரிப்பாளரிடம் போய்ச் சொல்லியிருந்தால், இரண்டாம் பாதியில் ஒரு ஃபைட் வையுங்கள் தம்பி என்றிருப்பார்கள்.

அந்தப் படம் சுலபமாகவும் வெளியாகவில்லை. வெளியாகும் அன்று அதிகாலைக் காட்சிகள் ரத்தாயின. காரணம் தயாரிப்பாளரின் பழைய கடன். இங்கே நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது படம் பெட்டியில் போவதில்லை. தியேட்டரில் உள்ள கணினியில் படம் ஏறியிருக்கும், அதைத் திறக்கக் கே.டி.எம். என்கிற ஒரு மின்னணுச் சாவி வேண்டும். கடன் கொடுத்தவர் கணக்கு முடிந்தது என்று சொன்னால்தான் அந்தச் சாவி தியேட்டருக்குப் போகும். வாசலில் ரசிகர்கள் நிற்க, ஏதோ ஓர் அலுவலகத்தில் நள்ளிரவில் பேச்சுவார்த்தை நடக்கும். கடைசியில் யார் தலையில் விழும்? நாயகன் தலையில். ‘96’ வெளியாவதற்காக அந்தக் கடன் சுமையை விஜய் சேதுபதி தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். இப்படி நடிகர் தலையில் கடைசி நிமிடத்தில் சுமை ஏற்றுவது நல்ல வழக்கம் இல்லை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் அன்று நண்பனின் முதல் படம் திரைக்கு வந்தது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அந்தப் படத்தின் நாயகன் ராமும் நாயகி ஜானுவும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாகிவிட்டார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்தது. லெனின் பாரதி இயக்கியது. தேனி மாவட்டத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமந்து, ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்று வாழ்நாளைக் கரைக்கும் ஒரு தொழிலாளியின் கதை. விஜய் சேதுபதி அதில் நடிக்கவில்லை, தயாரித்தார். டிசம்பரில் ‘சீதக்காதி’. இயக்கம் பாலாஜி தரணீதரன். அது விஜய் சேதுபதியின் இருபத்தைந்தாவது படம். இருபத்தைந்தாவது, ஐம்பதாவது என்றால் நடிகர்கள் மாஸ் படமாகப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். இவர் வயதான நாடக நடிகராக வந்து, முற்பகுதியிலேயே இறந்துபோகும் வேடத்துக்கு அந்த எண்ணைக் கொடுத்தார். படம் வசூலாகவில்லை. எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். நாடக மேடையில் கூட்டம் குறையக் குறைய அந்தக் கிழவர் முகம் மாறுவதை இன்றும் மறக்க முடியவில்லை.

நட்பு எப்போதும் நல்ல படத்தைத் தந்துவிடாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2015இல் அவரே தயாரித்து, எழுத்திலும் பங்கெடுத்த ‘ஆரஞ்சு மிட்டாய்’ எடுபடவில்லை. 2013இல் ‘இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா’ என்ற கலகலப்பான படத்தைத் தந்த கோகுலோடு மறுபடி சேர்ந்து, தானே தயாரித்த ‘ஜுங்கா’வும் தோற்றது. தெரிந்தவர்களோடு மறுபடி மறுபடி வேலை செய்யும்போது ஒரு சிக்கல் வருகிறது. கதை விவாதத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். அந்த நகைச்சுவை வெளியாருக்கும் புரியுமா என்று கேட்க ஆள் இல்லாமல் போகிறது. பழைய உரிமையோடு இது சரியில்லை என்று சொல்லும் நண்பர் இந்தக் கட்டத்தில்தான் அதிகம் தேவைப்படுகிறார்.

தேதி கிடைக்காத நண்பனின் நிலையையும் பாருங்கள். பாலாஜி தரணீதரன் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படத்துக்குப் பிறகு ‘ஒரு பக்கக் கதை’ என்று ஒன்றை எடுத்தார். நாயகன் காளிதாஸ் ஜெயராம், அப்போது புதுமுகம். ஒளிப்பதிவு பிரேம்குமார்தான். படம் வருடக்கணக்கில் முடங்கி, 2020 டிசம்பரில் நேராக ஓடிடியில் வந்தது. அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர், கிட்டத்தட்ட அதே திறமை. விற்கும் பெயர் ஒன்று மட்டும் இல்லை. இந்தத் தொழிலில் நண்பர்களுக்கிடையே வரும் மனக்கசப்புகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் படம் வந்திருக்குமே என்று ஒருவர் நினைப்பார். எத்தனை பேருக்குத்தான் நான் தேதி கொடுப்பது என்று மற்றவர் நினைப்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால்தான் அது அவ்வளவு வலிக்கிறது.

பிரேம்குமாரின் அடுத்த தமிழ்ப் படமான ‘மெய்யழகன்’ 2024இல் வந்தது. அதில் கார்த்தியும் அரவிந்த்சாமியும் நடித்தார்கள், விஜய் சேதுபதி இல்லை. அந்த வருடம் விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம் ‘மகாராஜா’. அதை இயக்கிய நித்திலன் சாமிநாதனும் ‘நாளைய இயக்குநர்’ வழியாக வந்தவர்தான். ஒரு காலத்தில் ஒருவர் தேதியை நம்பி நின்ற நண்பர் இன்று தன் பெயரில் படம் செய்கிறார். இதைப் பிரிவு என்று சிலர் எழுதினால் நம்பாதீர்கள். சேர்ந்து தொடங்கியவர்கள் இந்த அளவுக்கு வளர்ந்து நிற்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பகவதி பெருமாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். ‘96’ படத்திலும் அவர் பள்ளிக்கூட நண்பராக வந்தார். மறு வருடம், 2019இல், தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’. அதில் விஜய் சேதுபதி ஷில்பா என்ற திருநங்கை, பகவதி ஒரு கொடூரமான போலீஸ்காரர். காவல் நிலையத்தில் ஷில்பாவை அவர் அவமானப்படுத்தும் காட்சி, பார்க்கவே கூசும். அந்தப் படத்துக்காக விஜய் சேதுபதி சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். எதிரில் நின்றவருக்கு விருது இல்லை. ஆனால் அப்படி ஒரு காட்சியில் ஒரு நடிகர் தன்னை முழுக்க ஒப்புக்கொடுக்க வேண்டுமானால், எதிரில் நிற்பவர் மேல் பெரிய நம்பிக்கை இருக்க வேண்டும். தலையில் அடிபட்ட நண்பனைக் கல்யாண மேடைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவரும் அவர்தான், இங்கே கண்ணில் ஈரமில்லாமல் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து ஒருமுறை போட்டு, இந்தத் தடவை நாயகனை விட்டுவிட்டுப் பகவதியை மட்டும் பாருங்கள்.

வணக்கம்.